கயிற்றை உருவுவதற்கு முன்

அருவியில் கயிறு கட்டி இறங்குகிற விளையாட்டில் எது பெரிய கணம் என்று கேட்டால், பாறை விளிம்பில் முதுகைப் பள்ளத்துக்குக் காட்டிச் சாய்ந்து முதல் அடி வைப்பதைத்தான் பலரும் சொல்வார்கள். படத்தில் எடுப்பாக விழுவதும் அதுதான். நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது யாரும் படம் எடுக்காத இன்னொரு கணத்தை. கடைசி ஆள் இறங்கி வந்ததும், மேலே பாறையில் அடித்த வளையத்தின் வழியாகக் கோத்திருக்கும் கயிற்றின் ஒரு முனையைக் கீழே இருப்பவர்கள் இழுக்கிறார்கள். மறுமுனை மேலே ஏறி, வளையத்தைக் கடந்து, சடாரென்று தண்ணீரில் விழுகிறது. அத்தோடு திரும்பும் வழி அடைபட்டது. இனி எதிரே உள்ள அருவிகளையும் மடுக்களையும் கடந்துதான் வெளியேற முடியும். வளைகுடாவில் வேலை செய்யும் நம்மவர்கள் நண்பர் கூட்டமாகப் போக ஆசைப்படும் ஓமனின் ஸ்நேக் கேன்யன் இதற்கு நல்ல உதாரணம். ஹஜர் மலையில், பிலாத் சைத் கிராமத்தை ஒட்டி, வாடி பனி அவுஃப் பள்ளத்தாக்கில் இருக்கும் அந்தக் குறுகிய பிளவில் கயிற்றில் இறங்க வேண்டும், மடுவில் குதிக்க வேண்டும், நீந்த வேண்டும். குதித்த பாறையில் திரும்ப ஏற முடியாது. உள்ளே போன பிறகு ஒருவர் மனம் மாறினால், அந்த மனமாற்றத்தால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. ஆகவே ‘வேண்டாம்’ என்பதைக் கயிற்றை உருவுவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். நண்பர்கள் நடுவில் அதைச் சொல்வதுதான் மிகவும் கடினம் என்பதே என் கவலை.

அந்தச் சொல் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஹஜர் மலையே காட்டும். அங்கே மழையைப் பிடித்து வைக்க மண்ணும் இல்லை, மரமும் இல்லை. மொட்டைப் பாறையில் விழுகிற நீர் அப்படியே வாடி எனப்படும் வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடும். தலைக்கு மேல் நீல வானம் இருக்கும்போதே, மேலே எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் 17 வயது மாணவனை அடித்துக்கொண்டு போனதும் மலையில் பெய்த மழையின் திடீர் வெள்ளம்தான். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 14 அன்று, ஓமனில் பள்ளி மாணவர்கள் உள்படப் பலரை வாடி வெள்ளம் கொண்டுபோனது. மலையில் நடக்கத் தோதான குளிர்மாதங்களே இங்கு மழைக்காலமாகவும் இருப்பது இன்னொரு சங்கடம். எமிரேட்ஸ் அரசு 2023-ல் சட்டத்தைக் கடுமையாக்கியது: மழை நேரத்தில் பள்ளத்தாக்குகள், அணைகள் அருகே கூடினால் 1,000 திர்ஹம் அபராதமும் 6 கரும்புள்ளிகளும், வெள்ளம் ஓடும் வாடிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம், 23 கரும்புள்ளிகள், 60 நாள் வண்டி பறிமுதல். 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும் என்பதை நினைத்தால், அந்த 23-ஐ எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் என்பது புரியும்.

சட்டம் தண்ணீரிடமிருந்து காக்கலாம். கூட இருப்பவர்களின் முகத்தாட்சண்யத்திலிருந்து காக்காது. அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை இயன் மெக்கமன் என்பவர் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட கட்டுரையைப் பனிமலைக்குப் போகாதவர்களும் படிக்கலாம். சிக்கியவர்களில் பலர் ஒன்றும் அறியாதவர்கள் அல்ல. ஆபத்தின் அறிகுறிகள் கண்ணெதிரே இருந்தும் உள்ளே போனவர்கள். பழகிய இடம் என்ற தைரியம், உடன் வந்தவர்கள் மெச்ச வேண்டும் என்ற ஆசை, தொடங்கியதை முடித்தே தீரும் பிடிவாதம், ‘அவனுக்கு எல்லாம் தெரியும்’ என்று ஒருவரை நம்பி நடப்பது, இந்த வாய்ப்பு மறுபடி வராது என்ற அவசரம், பக்கத்தில் மற்றவர்களும் போகிறார்களே என்ற துணிச்சல் ஆகியவற்றை அவர் காரணங்களாகக் காட்டினார். துபாயிலோ ஷார்ஜாவிலோ ஒரு நண்பர் கூட்டம் கிளம்புவதை இந்தக் கண்ணோடு பாருங்கள். வார இறுதி மட்டும்தான் விடுமுறை. அதிலும் எல்லோருக்கும் ஒன்றாக லீவு அமைவது அபூர்வம். பெரிய வண்டி வாடகை, ஓமனுக்கான வண்டி இன்சூரன்ஸ், ஹத்தா எல்லையில் கட்டும் கட்டணம், வழிகாட்டிக்குக் கொடுக்கும் தொகை எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தாயிற்று. ஒருவர் பின்வாங்கினால் மற்றவர்களின் பங்கு ஏறும். அதைவிட, மறுநாள் முதல் அவர் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் ஒட்டிக்கொள்ளும். ஒரே அறையில் படுத்து எழுகிறவர்களின் கேலியிலிருந்து ஓடவும் இடமில்லை. அறிமுகமில்லாதவர்களோடு போனால் ‘எனக்கு முடியல சார்’ என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடலாம். நண்பர்களிடம் அதற்கு விலை உண்டு. விலை ஏற ஏற, சொல்ல வேண்டியவர் வாயைத் திறக்க மாட்டார். (ஊரிலிருந்து கடன் கேட்டு வரும் போனுக்கு ‘இப்போ முடியாது’ என்று சொல்லத் தெரியாமல் வருடக்கணக்கில் தவித்தவர்கள் இந்தப் பிரதேசத்தில் நிறைய. நமக்கு இது புதிய நோய் அல்ல.)

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. நண்பர்கள் உந்தித் தள்ளாவிட்டால் பாதிப் பேர் எதையுமே செய்திருக்க மாட்டார்கள். பயத்தைத் தாண்ட வைப்பதும் நட்பின் வேலைதானே? மறுக்க மாட்டேன். இடுப்பில் பட்டையை இறுக்கிக்கொண்டு, கீழ்க்கையை இடுப்புக்குக் கீழே பிடித்துக் கயிற்றை இறுக்கினால் நிற்கிறோம், தளர்த்தினால் இறங்குகிறோம் என்பதை உடம்பு நம்பும்வரை பக்கத்தில் நின்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்கத்தான் வேண்டும். அது நடக்க வேண்டிய இடம் காய்ந்த பாறை. பாதியில் நின்றால் ஏற்றிவிட ஆள் இருக்கும் பயிற்சிச் சுவர். அருவி வேறு. ஹெல்மெட்டில் நீர் அறையும்போது மேலே இருப்பவர் கத்துவது காதில் விழாது. அதனால்தான் விசில் வைத்துக்கொள்கிறார்கள். சட்டை நுனி இறங்கு கருவிக்குள் மாட்டிக்கொண்டால், கொட்டுகிற நீருக்கு நடுவே மூச்சுக்குத் திணறித் தொங்க நேரும். அப்போது மேலிருந்தே கயிற்றைத் தளர்த்தி ஆளைக் கீழே இறக்கும்படி விவரம் தெரிந்தவர்கள் முதலிலேயே கட்டி வைப்பார்கள். கருவியைக் கட்டும்போதே ‘இவர் பாதியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது’ என்று யோசிக்கிறோம். கூட்டத்தைக் கட்டும்போது அந்த யோசனை வருவதில்லை. திரும்ப வழியுள்ள இடத்தில் உந்துவதை ஊக்கம் என்பேன். வழியில்லாத இடத்தில் அதற்குப் பெயர் கட்டாயம்.

‘அனுபவமுள்ள வழிகாட்டி வருகிறாரே, அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?’ என்பது அடுத்த சமாதானம். 1999 ஜூலை 27 அன்று ஸ்விட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் அருகே சாக்ஸெட் ஓடையில் இதே விளையாட்டுக்காக இறங்கியவர்களில் 21 பேர் திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்களில் மூன்று பேர் வழிகாட்டிகள். 2001-ல் அவர்களை அழைத்துப் போன நிறுவனத்தைச் சேர்ந்த ஆறு பேரைக் கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழிகாட்டிக்குக் கயிறு தெரியும், பாறை தெரியும். ஆனால் பணம் கட்டி, நாள் குறித்து, உற்சாகமாக வந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்து ‘இன்று வேண்டாம்’ என்று சொல்வது அவருக்கும் சுலபமில்லை. கூட்டத்திலேயே ஒருவர் தயங்கிச் சொன்னால், வழிகாட்டிக்கும் சொல்ல வாய் வரும்.

‘என் உயிர், என் விருப்பம்’ என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒரே கயிற்றில் முறை வைத்து இறங்குகிறவர்களில் ஒருவர் உறைந்து நின்றால் எல்லோரும் நிற்கிறார்கள். மீட்க வருகிறவர்களும் உயிரோடுதான் விளையாடுகிறார்கள். ஊரில் மாதாமாதம் பணத்தை எதிர்பார்க்கும் வீட்டாரை யாரும் கேட்பதில்லை. துபாயின் ஷேக் சாயித் சாலையில் தினமும் வண்டி ஓட்டுவது இதைவிட ஆபத்து என்று வாதிடுவார்கள். இருக்கலாம். அங்கே தலை சுற்றினால் அடுத்த எக்சிட்டில் இறங்கிவிடலாம்.

இவ்வளவும் போகாதீர்கள் என்பதற்காக அல்ல. போவது நல்லது, வருடம் முழுக்க ஏசி அறைக்கும் வேலையிடத்துக்கும் நடுவே கிடப்பவர்களுக்கு மலைத் தண்ணீர் ஒருநாள் தேவை. குளிர்காலம் தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பணம் வசூலிப்பதற்கு முன்பே நான்கு வரி எழுதிப் போடுங்கள்: முதல் கயிற்றை உருவும்வரை யார் வேண்டாம் என்றாலும் காரணம் கேட்க மாட்டோம், அவருடைய பங்கை மற்றவர்கள் ஏற்போம், மேகத்தைப் பார்த்து ஒருவர் திரும்பலாம் என்றால் எல்லோரும் திரும்புவோம், அதைப் பற்றிப் பிறகு குழுவில் கேலி கிடையாது. இதற்குச் சம்மதிக்காதவர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும், அந்த வாரம் அவரை விட்டுவிட்டுப் போங்கள்.