சில்லி பாயின்ட்டில் நிற்பவர்கள்

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றுப் பக்கத்தைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார் பெரியப்பா. பின்னால் நின்ற சித்தப்பா மகன் "ஸோ சில்லி" என்று முணுமுணுத்தான். "என்ன சொல்றான்?" என்று கேட்டார் பெரியப்பா. பத்திர எழுத்தர் தலை நிமிராமலே சொன்னார்: "நல்ல மனுஷர்னு சொல்றாருங்க."

அந்தப் பதில்தான் என்னை விடாமல் அரிக்கிறது. சமாளிப்பா, கருணையா, கேலியா? நிமிர்ந்திருந்தால் முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொண்டிருப்பேன்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்தில் அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி. ‘சில்லி’யின் மூலச்சொல் ‘சேலி’; பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பாக்கியவான் என்று பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல்லான ‘ஸேலிக்’ இன்றும் அருள்பெற்றவரைத்தான் குறிக்கிறது. ஆங்கிலத்திலோ பாக்கியவான் கள்ளமற்றவன் ஆனான், கள்ளமற்றவன் பரிதாபத்துக்குரியவன் ஆனான், அப்புறம் பலவீனன், 16ஆம் நூற்றாண்டில் முட்டாள். யாரும் வைது இறக்கவில்லை. ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிச் சொல்லியே இறக்கிவிட்டார்கள்.

கல்லூரியில் அரைகுறையாகப் படித்த சாஸரின் ‘கேன்டர்பரி கதைகள்’ நினைவுக்கு வருகிறது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியது. அதில் வரும் தச்சன் ஜானுக்கு இந்த அடைமொழிதான். நோவா காலத்து வெள்ளம் மறுபடி வரப்போகிறது என்று வீட்டில் குடியிருக்கும் மாணவன் கதை கட்டுகிறான். தச்சன் நம்பி, மூன்று தொட்டிகளைக் கூரையில் கட்டித் தொங்கவிடுகிறான். கடைசியில் விழுந்து கை முறிகிறது. ஊரே கூடிச் சிரிக்கிறது. படித்தபோது நானும் சிரித்தேன். வெள்ளம் என்றதும் அவன் முதலில் பதறியது, மனைவி மூழ்கிவிடுவாளே என்றுதான். அந்த மனைவியும் ஏமாற்றியவர்களில் ஒருத்தி.

சின்ன வயதில் எங்கள் தெருக் கிரிக்கெட்டிலும் இந்தச் சொல் இருந்தது. கார்க் பந்து, ஹெல்மெட் கிடையாது. மட்டைக்கு வெகு அருகில், சில்லி பாயின்ட்டில் யார் நிற்பது? எப்போதும் ஒரே பையன். தைரியசாலி என்பதால் அல்ல. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன். அவன் பிடித்த கேட்ச்சுகளால் நாங்கள் ஜெயித்தோம். அவனை ‘வெகுளி’ என்றோம்.

திருக்குறளில் வெகுளி என்றால் கோபம். ‘வெகுளாமை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. நம் காலத்தில் அது கோபிக்கத் தெரியாதவரின் பெயர். சேலி சரிந்தது, வெகுளி எதிர்ப்பக்கம் நகர்ந்தது. இரண்டும் வந்து நின்றது ஒரே ஆளிடம்.

ஏமாற இடம் கொடுக்காத நல்ல குணம் என்று ஒன்று உண்டா? பெரியப்பாவைப் பார்க்கும்போது இல்லை என்று தோன்றுகிறது. என் பிள்ளைகளை வளர்க்கும்போது இருந்தாக வேண்டுமே என்று தோன்றுகிறது. என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஒருவரை அசடு என்று சொல்லும் முன், அவர் விட்டுக்கொடுத்ததில் நமக்கு வந்த பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துவிடுங்கள்.