கேட்டு எழுதிய குறிப்பு

உடற்பயிற்சிக் கூடங்களுக்குள் மெஃபென்டெர்மின் என்ற ஊக்க மருந்து ஊசி நுழைந்துவிட்டது. அறுவை சிகிச்சையின்போது இறங்கும் இரத்த அழுத்தத்தை ஏற்ற மயக்கவியல் மருத்துவர்கள் போடும் மருந்து அது. களைப்புத் தெரியாமல் எடை தூக்கலாம் என்று யாரோ சொல்ல, இளைஞர்கள் தாங்களே இரத்தக் குழாயில் ஏற்றிக்கொள்கிறார்கள். அப்படி ஒருவர் மனநல மருத்துவர் முன் வந்து உட்கார்ந்தால், அவர் மருந்தின் பிடிக்குள் இருக்கிறாரா என்று எதை வைத்துச் சொல்வது?

அளவை வைத்து அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-10 ஆறு அடையாளங்களைச் சொல்கிறது. ஓராண்டுக்குள் அவற்றில் குறைந்தது மூன்று சேர்ந்து இருக்க வேண்டும். அடக்க முடியாத வேட்கை, கட்டுப்பாடு இழத்தல், கெடுதல் தெரிந்தும் விடமுடியாமை ஆகியவை அவற்றுள் சில. எந்த ஸ்கேனும் இவற்றைக் காட்டாது. சிறுநீர்ச் சோதனைகூட உடம்பில் மருந்து இருந்ததா என்பதைத்தான் சொல்லும். ஏடிஹெச்டி என்ற கவனக்குறைவுக் கோளாறுக்காக மருத்துவர் எழுதித் தந்தபடி மெத்தில்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்தைச் சாப்பிடுபவருக்கும் உடம்பு அதற்குப் பழகலாம். அந்தப் பழக்கத்தை நோய்க்கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5.

நிறுத்திய பின் வரும் நாட்களில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். குடியை நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், வீடே பதறும். ஊக்க மருந்தை நிறுத்தியவரோ தூங்குகிறார். எழுந்தால் அகோரப் பசி. “புள்ள இப்பத்தான் நிம்மதியா தூங்குறான் டாக்டர்” என்பார் அம்மா. அந்தத் தூக்கத்துக்கு அடியில் கடும் மனச்சோர்வு கிடக்கலாம். தற்கொலை எண்ணம் தலைதூக்கும் நாட்கள் அவை. கடைசி ஊசி என்றைக்கு என்பது கோப்பில் தேதியோடு இல்லையென்றால், அடுத்துப் பார்ப்பவர் இதை வெறும் மனச்சோர்வு என்று நினைத்துவிடலாம். ஊசி ஏறிய நாட்களில், சந்தேகமும் காதில் குரலுமாக இருக்கும்போது பார்ப்பவர், மனச்சிதைவு என்று எழுதிவிடலாம். அந்தப் பெயர் ஆண்டுக்கணக்கில் அவர் கூடவே போகும்.

ஊக்க மருந்துச் சார்புக்கான எஃப்15.2 என்ற ஐசிடி-10 குறியீட்டைப் போட ஒரு நொடி போதும். ‘போதை ஆசாமி, ஒத்துழைக்கவில்லை’ என்று கிறுக்குவதும் சுலபம்தான். ‘நான்கு மாதமாக, வாரத்தில் ஐந்து நாள் ஊசி. இருமுறை நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. வேலை போயிற்று. கடைசி ஊசி 12ஆம் தேதி’ என்று எழுத, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது, நிறுத்தப் பார்த்த அந்த இரண்டு முறையை நோயாளியே முதன்முதலாகத் தன் காதால் கேட்கிறார். இந்த நோய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்னும் வரவில்லை. பேச்சும் துணையும்தான் சிகிச்சையின் பெரும்பகுதி. ஆகவே நோயைக் கண்டறியும் அந்த உரையாடலிலேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறது.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பொருள் சார்ந்த மனநிலைகளையும் உள்ளடக்கியது. ரகசியம் காக்கப்படும் உரிமையையும், தன் மருத்துவப் பதிவைப் பார்க்கும் உரிமையையும் அது தருகிறது. மருத்துவரிடம் போகிறவர்களே, கடைசியாகப் போட்ட தேதியை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் எழுதியதையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.