திருகாணி இல்லாத பொருள்

ஆழ்வார்குறிச்சி கடைத்தெருவில் கைபேசி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர், காதில் செருகும் இயர்பட் ஒன்றை விரல்களுக்கிடையே வைத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் பிடித்தார். இரண்டு பிளாஸ்டிக் ஓடுகள் சேரும் கோட்டை நகத்தால் தடவினார். பிறகு எதிரே நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியரிடமே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஸ்குரூ எங்க இருக்கு, நீங்களே பாருங்க சார். இதைத் தொறக்கதுக்கு வழியே வைக்கல."

நடந்தது இவ்வளவுதான். வலது காதுக்குரியது கொஞ்ச நேரத்திலேயே அணைந்துவிடுகிறது, இடது காதுக்குரியது நன்றாகப் பாடுகிறது. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. வாங்கித் தந்த மகள் சென்னையில் இருக்கிறாள். "விடுங்கப்பா, வேற வாங்கி அனுப்புதேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். பணத்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனாலும் திருகாணி இல்லை என்கிற அந்தச் சின்ன விஷயம் ஆசிரியரை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பொருளாகத் திருப்பிப் பார்த்தார். மிக்ஸியின் அடியில் திருகாணி இருந்தது. மேஜை விசிறியில் இருந்தது. தையல் மிஷினில் எண்ணி மாளாது. மூக்குக் கண்ணாடியின் இரண்டு காதுகளிலும் கடுகளவில் ஒவ்வொன்று இருந்தது. இயர்பட்டில் இல்லை, அதை வைக்கும் டப்பாவில் இல்லை, சார்ஜரிலும் இல்லை.

வலது பக்கம் மட்டும் ஏன் முதலில் போனது என்பதற்குக் காரணம் உண்டு. பலரையும்போல அவர் போன் பேசும்போது ஒற்றைக் காதில்தான் செருகுவார், அதுவும் வலது காதில். உள்ளே இருப்பது சட்டைப் பொத்தான் அளவில் ஒரு லித்தியம் அயான் பேட்டரி. கைபேசியின் பேட்டரி இன்று ஐயாயிரம் மில்லி ஆம்பியர் மணி என்றால், இதற்கு ஐம்பது இருந்தாலே அதிகம். இத்தகைய லித்தியம் பேட்டரி பொதுவாகச் சுமார் 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கியபின் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். கைபேசியை நாளுக்கு ஒருமுறை சார்ஜ் செய்கிறோம். இயர்பட்டோ டப்பாவுக்குள் வைக்கும்போதெல்லாம் தானாக ஏறிக்கொள்கிறது. அதிகம் உழைத்த காது முன்னதாகத் தளர்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை. ஒலிபெருக்கி, மைக், புளூடூத் சில்லு, காந்தம் எல்லாம் புதிதுபோல் இருக்கின்றன. பொத்தான் அளவுப் பேட்டரி ஒன்று போனதற்காக அத்தனையும் குப்பைக்குப் போக வேண்டும்.

நிறுவனத்தின் செயலியில் உதவிப் பகுதி என்று ஒன்று இருக்கிறது. அதில் விவரமாக எழுதினார். பேட்டரி மாற்றித் தர இயலாது, ஒற்றைக் காது தனியாக விற்பனைக்கு இல்லை, புதிய ஜோடிக்குத் தள்ளுபடி உண்டு என்று பதில் வந்தது. மரியாதையான பதில்தான். பதிலெழுதியது மனிதரா இயந்திரமா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் கடை இளைஞரின் கைத்திறனைப் பார்த்தவர்கள் யாரும் அவரால் முடியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். ஒரு டம்ளர் வைக்கும் அளவு இடத்தில் டிஸ்ப்ளே காம்போவை மாற்றுகிறார். சார்ஜிங் பின்னைப் பெயர்த்து எடுக்கிறார். சூடான காற்றுக் குழாயால் போர்டிலிருந்து எள்ளைவிடக் கொஞ்சமே பெரிய ஐசியை உருவி, இன்னொன்றைப் பதிக்கிறார். இவ்வளவு தெரிந்த கைக்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் ஓடு வாயைத் திறக்க மறுக்கிறது. அதை உடைக்கலாம், திறக்க முடியாது. பழுதுபார்க்கத் தெரிந்தவர் இருந்தும் பழுதுபார்க்க முடியாத பொருள் என்பது ஊருக்குப் புதிது.

ஆசிரியரின் சிறுவயதில் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. ரேடியோ வைத்திருப்பதற்கே தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டிய காலம். பாபநாசத்தில் 1944-லேயே நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கியிருந்தாலும், வீட்டுக்கு விளக்கு வந்து ரேடியோவும் வந்தது வெகுநாள் கழித்துத்தான். அது வாய் மூடிக்கொண்டால், துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்பா அம்பாசமுத்திரத்துக்கு ரயிலேறுவார். சில சமயம் பையனும் கூடப் போவான். கடைக்காரர் பின்பக்க அட்டையின் திருகாணிகளைக் கழற்றி, ஒன்றும் உருண்டு போகாதபடி ஒரு சோடா மூடிக்குள் போடுவார். அட்டையை எடுத்தால் தூசியும் ஒட்டடையும், ஒருமுறை இரண்டு பல்லி முட்டையும். ஸ்விட்சைப் போட்டதும் வால்வுகள் ஒவ்வொன்றாக ஆரஞ்சு நிறத்தில் கண் விழிக்கும். விழிக்காத ஒன்றை அவர் மெல்ல அசைத்து, குழியிலிருந்து பிடுங்கி, டிராயரிலிருந்து வேறொன்றை எடுத்துச் செருகுவார். ஈயம் உருகும் வாசனையோடு வானொலி பேசத் தொடங்கும்.

அந்த வால்வுகள் ஏன் பற்றவைக்கப்படாமல் குழியில் செருகப்பட்டிருந்தன என்று அன்று அந்தப் பையன் யோசிக்கவில்லை. இன்று யோசித்தால் விளங்குகிறது. வால்வின் இழை ஒருநாள் கருகத்தான் செய்யும் என்று செய்தவனுக்குத் தெரியும். தெரிந்ததால், கழற்றி மாட்டுவதற்கு இடம் விட்டுச் செய்தான். இயர்பட் செய்தவனுக்கும் பேட்டரி தளரும் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒட்டிவிட்டான்.

அந்த ரேடியோவில் கேட்டதில் அவர் மனத்தில் தங்கியது நாகசுரம். இதே திருநெல்வேலி–தென்காசி ரயில் பாதையில் இருக்கும் காருக்குறிச்சியைச் சேர்ந்த அருணாசலம் 1921-ல் பிறந்து 1964-லேயே மறைந்துவிட்டார். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலும் அவருடைய நாகசுரமும் ஒன்றையொன்று துரத்தும் பாட்டைக் கேட்காத தமிழ் வீடு அன்று இருந்திருக்காது. இப்போது கடனாநதிக் கால்வாய் ஓரமாக மாலையில் நடக்கும்போது, ஆசிரியர் அந்தப் பாட்டை இயர்பட்டில்தான் கேட்டுவந்தார்.

நாகசுரக் கச்சேரியை அருகில் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வாத்தியத்தின் மேல்முனையிலிருந்து கயிற்றில் இரண்டு மூன்று சீவாளிகள் தொங்கிக்கொண்டிருக்கும், அவற்றைச் சீர்செய்ய ஒரு குச்சியும் கூடவே. கொருக்கந்தட்டையில் செய்கிற, வாயில் வைத்து ஊதும் அந்தச் சீவாளி எச்சிலிலும் காற்றிலும் சீக்கிரம் நைந்துபோகும். வாசிப்பவர் வாசிப்புக்கு நடுவிலேயே ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் பொருத்திக்கொள்வார். அந்தச் சீவாளியைச் செய்து தருவதே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் திருவாவடுதுறையில் உண்டு. தேய்கிற பாகத்தை மறைக்காமல், எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிட்டிருக்கும் வாத்தியம் அது. ஆச்சா மரத்தில் செய்த உடல் தலைமுறை தாண்டும், சீவாளி மாறிக்கொண்டே இருக்கும். பொருளைச் செய்வதில் இது ஒரு நேர்மை என்றே சொல்ல வேண்டும்.

இதே ஆழ்வார்குறிச்சியில் 1905-ல் பிறந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன், சென்னை சிம்ப்சன் நிறுவனத்தை நடத்தி, அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டி எழுப்பியவர். ஊருக்குப் பரமகல்யாணி கல்லூரி வந்ததும் அவரால்தான். அவர் தொழில்களில் ஒன்று 1949-ல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ். என்ஜினுக்குள் தேய்ந்துபோகும் பாகத்தைச் செய்வதற்கென்றே ஒரு தொழிற்சாலை! 1960-ல் டாஃபே டிராக்டர் நிறுவனம் வந்தது. இந்தப் பகுதியின் வயல்களில் உழும் டிராக்டர் நின்றுபோனால், மெக்கானிக் சாவிக்கொத்தோடு வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவார். ஒரு பிஸ்டன் ரிங் தேய்ந்ததற்காக யாரும் டிராக்டரைத் தூக்கிப்போட்டதில்லை. அந்த ஊர்க் கடைத்தெருவில் நின்றுகொண்டு, ஸ்குரூ எங்கே என்று கேட்க நேர்ந்ததுதான் ஆசிரியரை அதிகம் உறுத்தியது.

இங்கே எப்போதோ படித்த ஒன்று அவருக்கு நினைவு வந்தது. காந்தியின் சீடர் காகா காலேல்கர் எழுதியதுதான், புத்தகம் கைவசம் இல்லை. 1915-ல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டின்போது காந்தி எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு துண்டுப் பென்சில். காலேல்கர் தன்னுடையதைக் கொடுக்க வந்தபோது அவர் வாங்கவில்லை. சென்னையில் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசனின் சின்னப் பையன் ஆசையோடு கொடுத்த பென்சில் அது, தொலைக்கக் கூடாது என்று தேடிக் கண்டுபிடித்தார். இரண்டு அங்குலம்கூட இருக்காது.

நினைத்துப் பார்த்தால், பென்சில் ஆசிரியரின் கட்சிக்கு எதிராகவே நிற்கிறது. பென்சிலிலும் திருகாணி இல்லை. பசையால் ஒட்டிய இரண்டு மரத்துண்டுகள்தான். யாரும் அதைப் பழுதுபார்ப்பதில்லை. அப்படியானால் திறக்க முடியாமை மட்டும் குற்றமாகுமா? ஆகாது என்றுதான் தோன்றுகிறது. பென்சில் முழுவதும் கரைந்து முடிகிறது, கடைசித் துண்டு வரை எழுதுகிறது. இயர்பட்டில் ஒரு சின்னப் பாகம் செத்து, மிச்சத்தையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இந்த வாதம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில் அவருக்கே உறுதியில்லை.

ஏனென்றால் மறுபக்கமும் இருக்கிறது. ஒட்டியிருப்பதால்தான் வியர்வை உள்ளே போவதில்லை. திருகாணிக்கு இடம் விட்டால் காதில் உட்காராத அளவுக்குப் பெருத்துவிடலாம். கடை இளைஞர் அரைநாள் செலவழித்துத் திறந்தால், அவர் கூலி புதிய ஜோடியின் விலையைத் தாண்டும். அந்தப் பழைய ரேடியோ ஒரு குடும்பத்தின் பல மாத மிச்சத்தில் வந்தது, அதனால்தான் மடியில் சுமந்து கொண்டுபோனார்கள். இன்று கூலி வேலைக்குப் போகும் பெண்ணும் இயர்பட் வாங்கிப் பாட்டுக் கேட்க முடிகிறது. மலிவு என்பது சாமானியருக்குச் சின்ன விஷயமில்லை.

ஆனால் திறக்கும்படி செய்யவே முடியாது என்பதற்கில்லை. ஃபேர்போன் என்ற டச்சு நிறுவனம் 2024-ல் ஃபேர்பட்ஸ் என்று ஒன்றை வெளியிட்டது. அதன் பேட்டரிகளை வாங்கியவரே மாற்றிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரிச் சட்டப்படி, சில விலக்குகள் நீங்கலாக, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். அந்த விதிக்குக் குறித்த நாள் 2027 பிப்ரவரி 18. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைபேசி மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 24-ல் இணையதளமும் திறந்தார்கள். பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பொருளுக்கு மதிப்பெண் போடும் திட்டத்தின் அறிக்கை 2025 மே மாதம் அரசிடம் போனது. அது கைபேசியிலும் டேப்லெட்டிலும் தொடங்கச் சொல்கிறது.

அந்த ஒற்றைக் காது இப்போது மேஜை டிராயரில் கிடக்கிறது. லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும் என்பதால், குப்பை அள்ள வருபவர்களிடம் கொடுக்க ஆசிரியருக்கு மனம் வரவில்லை. மகள் அனுப்புவதாகச் சொன்ன புதிய ஜோடியை ஏற்பதா, வயர் வைத்த பழைய ஹெட்போனுக்குத் திரும்புவதா என்பதையும் அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. வயர் இருந்தால் பேட்டரி வேண்டாம், ஆனால் அவருடைய கைபேசியில் அதைச் செருக ஓட்டை இல்லை.

அடுத்த முறை கடையில் இப்படி ஒரு பொருள் வாங்கும்போது, விலை கேட்பதற்கு முன் இதையும் கேளுங்கள்: "பேட்டரி போனா மாத்தித் தருவீங்களா?" மாற்றித் தருவோம் என்றால், அதை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.