மண்டி

என் பாட்டி தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசிவிட்டு, கலங்கின ஆற்று நீரைச் சற்று நேரம் சும்மா விட்டுவைப்பாள். பிறகு தெளிவை இறுத்துக்கொண்டு, அடியில் தங்கின மண்டியை முருங்கை மரத்தடியில் கொட்டுவாள். தெளிவைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். மண்டி எங்கே போகிறது என்பது நமக்கு ஒரு பிரச்னையாகவே பட்டதில்லை.

2019 ஜனவரி 25ஆம் தேதி, பிரேசிலில் புருமாடின்யோ அருகே வாலே கம்பெனியின் இரும்புச் சுரங்கக் கழிவணை உடைந்தது. 86 மீட்டர் உயரம். தாதுவைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சின சேறு, நீரோடு. 2016க்குப் பிறகு அதில் எதையும் கொட்டவில்லை. ஸ்திரமானதென்று முந்தின வருஷம் சான்றிதழும் கிடைத்திருந்தது. கெட்டியாகக் கிடந்தது சில விநாடிகளில் திரவமாயிற்று. கீழே கம்பெனியின் சாப்பாட்டுக் கூடம், மதிய வேளை. 270 பேர் செத்தார்கள்.

அந்த நீரில் பெரும்பங்கை முன்பே பிரித்திருக்கலாம். இது ரகசிய வித்தையல்ல. 1973லேயே கனடாவின் கிட் கிரீக் சுரங்கத்தில் ராபின்ஸ்கி என்பவரின் யோசனைப்படி சேற்றைக் கெட்டியாக்கிக் கொட்ட ஆரம்பித்தார்கள். திக்கனர் என்கிற அகலத் தொட்டி. நுண்துகள்களைத் திரளச் செய்ய ஒரு பாலிமர் (பாட்டியின் கொட்டை செய்த காரியந்தான்). அடியில் மெல்லச் சுற்றும் துடுப்பு. விளிம்பில் வழியும் தெளிநீர் ஆலைக்கே திரும்பும். அடியிலிருந்து வரும் கூழ், தானே சரிவாகக் குவிந்து நிற்கும். அதைத் தேக்க அவ்வளவு உயர அணை வேண்டாம்.

என்னை உறுத்துவது வேறு. இந்தத் தொட்டியைச் சுரங்கக்காரர்கள் ஆசையாக வாங்குவது அடகாமா போன்ற வறண்ட நிலங்களில். அங்கே கடல்நீரையே மலைக்கு ஏற்றவேண்டியிருக்கிறது. புருமாடின்யோவில் மழை உண்டு, நீர் மலிவு. நீருக்கு விலை ஏறின இடத்தில், கீழே குடியிருப்பவர்களை யாரும் நினைக்காமலே அவர்கள் உயிருக்குக் கொஞ்சம் காப்பு கிடைத்துவிடுகிறது. சிக்கனத்தின் உபவிளைவாக வரும் நன்மையை அறமென்று ஒப்புவதா? நோக்கத்தைப் பார்க்கச் சொன்ன கான்ட் ஒப்பமாட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டின் முன் உட்கார்ந்திருப்பவனிடம் கான்டைக் கொண்டுபோக எனக்குத் தைரியமில்லை. ஆனால் கணக்கு காப்பாற்றினவனை அதே கணக்கு நாளை கைவிடவும் கூடும். மின்சாரச் செலவு ஏறினால் போதும். அதே மாகாணத்தில், 2015இல் மரியானா அருகே இன்னொரு கழிவணை உடைந்து 19 பேர் செத்திருந்தார்கள். அந்தக் கணக்கு ஏனோ யாருக்கும் உறைக்கவில்லை.

புருமாடின்யோவில் தீயணைப்புப் படையினர் அந்தச் சேற்றைப் பல வருஷங்கள் கிளறினார்கள். அதைச் சல்லடையில் சலித்து, உடல்களின் மிச்சத்தைத் தேடினார்கள்.