எந்த ஊர்க்காரர்?



2025 மே 8-ந் தேதி, நமக்கு இரவு ஒன்பதரை மணி கடந்தபோது, உரோமையில் வெண்புகை எழுந்தது. 133 கர்தினால்மார், அவர்களில் நால்வர் நம் இந்தியர், புதிய பாப்பரசரைத் தெரிந்தெடுத்தார்கள். அவரே 14-ம் லியோ. நம் பெரியோர் வழக்கில், சிங்கராயர்.

உடனே எங்கும் ஒரே விசாரணை: "எந்த ஊர்க்காரர்?" அமெரிக்கர், "எங்கள் சிக்காகோவில் பிறந்தவர்" என்றார்கள். பெரு நாட்டுச் சிக்லாயோ மக்களோ, "எங்கள் மேற்றிராணியார்" என்று அகமகிழ்ந்தார்கள். நம்மிற் சிலர், "நம் நாட்டவர் ஒருவர் வரலாகாதா?" என்று ஏங்கினார்கள்.

இந்த ஆசை பாவமல்ல. ஆயினும் யோசியுங்கள். உரோமைக்கு வந்த அர்ச். இராயப்பர் எந்த ஊர்க்காரர்? கலிலேயாக் கடலில் மீன்பிடித்தவரன்றோ? நம் கிண்டிக்கருகே சின்னமலைக் குகையில் செபித்தாரென்று பரம்பரையாய்ச் சொல்லப்படும் அர்ச். தோமையார் எந்த ஊர்க்காரர்? அந்நியரென்று நம் முன்னோர் அவரைத் தள்ளியிருந்தால் நமக்கு விசுவாசம் ஏது?

பங்குக்குப் புதுக் குருவானவர் வந்தாலும், அண்டை வீட்டுக்குப் புதுக் குடும்பம் வந்தாலும், "எந்த ஊர், எந்த ஜாதி?" என்று வாசலிலேயே விசாரிக்கிறோம். அந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரே நற்கருணைப் பந்தியில் முழங்காலிடுவதெப்படி? அர்ச். அகுஸ்தீன் சபைத் துறவியான பாப்பரசர் தெரிந்துகொண்ட விருதுவாக்கின் கருத்து, ஒரே கிறீஸ்துவில் நாம் ஒன்று என்பதே.

பூசைதோறும் அவர் பெயரைச் சொல்லி வேண்டுகிறோம். இன்றிரவு குடும்ப செபமாலைக்குப்பின் அவருக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். ஜாதி விசாரித்து நீங்கள் விலக்கிவைத்த ஒருவருக்காக இன்னொன்று சொல்லுங்கள். மறுநாள் அவர் வீட்டு வாசலுக்கும் போய் வாருங்கள்.