காலி நாற்காலி யாருக்கு?

நண்பன் மறைந்தபின் அவனுக்கு நாம் செய்யக் கூடியது என்ன? ஆவி வரும், கேட்கும், மகிழும் என்று நம்புவோருக்கு விடை எளிது. அறிவுவழி நிற்போருக்கோ அவ்வளவு எளிதன்று.

நியூயார்க் நகரிலே, 1935 முதல் இயங்கிவரும் வில்லேஜ் வேன்கார்டு எனும் நிலவறை அரங்குக்கு ஜாஸ் இசை கேட்கச் சென்றிருந்தோம். அவ்விசையை நமக்கு அறிமுகப்படுத்திய நண்பன், "இசைத்தட்டில் கேட்பது கடிதம் படிப்பது போல, அரங்கில் கேட்பதே நேரில் பேசுவது. வா, போவோம்!" என்று பலமுறை அழைத்தான். "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றோம். அடுத்த ஆண்டு வந்தது, அவன் இல்லை. எனவே, இரண்டு நுழைவுச்சீட்டு வாங்கி, பக்கத்து நாற்காலியை அவன் நினைவாகக் காலியாகவே வைத்திருந்தோம்.

டிரம்பெட் கலைஞர் எழுந்து, 'ஐ ரிமெம்பர் கிளிஃபர்ட்' எனும் இசையை வாசித்தார். 'கிளிஃபர்டை நினைக்கிறேன்' என்பது பொருள். போதை பல கலைஞரை விழுங்கிய நாளில், அதனை அண்டாது வாழ்ந்த டிரம்பெட் மேதை கிளிஃபர்ட் பிரவுன். 1956 ஜூன் 26இல் கார் விபத்தில் மாண்டார். வயது 25! விதியா? அல்ல, மழை நனைத்த சாலை, தடம் புரண்ட கார்.

1953இல் அவரோடு ஒரே குழுவில் வாசித்த பென்னி கோல்சன், அழுததோடு அமையவில்லை. துயரை இசையாக்கி உலகுக்குத் தந்தார். 2024இல் கோல்சனும் மறைந்தார், இசை மறையவில்லை. கிளிஃபர்டைக் கண்டிராதவர் வாசிக்கிறார். கண்டிராத நாம் கேட்டுக் கலங்குகிறோம்.

அப்போதுதான் காலி நாற்காலி நம்மைச் சுட்டது. பின்சுவர் ஓரம், இடம் கிடைக்காத மாணவன் ஒருவன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இறந்தவனுக்கு இருக்கை எதற்கு? திதி ஏன் என்று பிறரைக் கேட்கும் நாம், நம்மை அறியாமலே ஒரு திதி கொடுத்துக் கொண்டிருந்தோமே! கையசைத்து அழைத்தோம். வந்து அமர்ந்தான்.

கடன் தீர்ந்ததா? இல்லை. அழைத்தபோது போகாத பிழைக்கு, இனி அவனிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. அவன் நமக்குச் செய்ததை இன்னொருவனுக்குச் செய்யலாம். அவ்வளவே நம்மால் ஆவது.

தோழர்களே! உங்களை அழைக்கும் நண்பர் இன்று இருக்கிறாரா? 'அடுத்த ஆண்டு' என்று சொல்லிவிடாதீர்!