கன்றின் பங்கு

கறக்கப்படும் ஆவும் பசு. கறப்போனும் ஆணவமலத்தாற் கட்டுண்ட பசுவே என்பது சைவ சித்தாந்தத் துணிபு. ஆயின், ஓர் உயிரின் பாலை மற்றோர் உயிர் கொண்டு பதிக்கு ஆட்டுதல் முறையோ எனின், முறையே. ஆயினும் அதற்கோர் வரம்பு உண்டு.

சேய்ஞலூரில் தோன்றிய விசாரசருமர், ஆயன் ஒருவன் ஆவைக் கோலால் அடித்தல் கண்டு பொறாது, நிரை மேய்க்குந் தொழிலைத் தாமே மேற்கொண்டார். அன்பினாற் பேணப்பட்ட ஆக்கள் கறவாமலே பால் பொழிந்தன. அப்பாலையே அவர் மணலிலிங்கத்திற்கு ஆட்டினார். உடையவர்க்கும் பால் குறைந்திலது. சண்டேசுரரென அவர் பெற்ற பதத்திற்கு வித்து இவ்வருளேயாம்.

நாகல் நகரினின்று திண்டுக்கல் அபிராமியம்மை கோயிலுக்குப் பால் கொண்டுசெல்லும் அன்பர், ‘கன்று வயிறார உண்டதோ? மடி வற்றியபின் இவ்வா எங்கே செல்லும்?’ என வினவுதல் கடன். தோல் பதனிடுதலாற் பெயர்பெற்ற அந்நகரில் பின்னைய வினா ஒதுக்கற்பாலதன்று. கன்றைப் பட்டினியிட்டுக் கறந்த பால் குடத்தை நிறைக்கும்; பூசையை நிறைக்குமோ?